செஞ்சிச் சீமையின் கால்வாய்களும் கிணறுகளும்

(செஞ்சி வட்டாரத்து ஏரிப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செஞ்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் ராஜகிரியையே நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்க்கத் தக்கதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை இது. 1690 முதல் 1698 வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மொகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றது. 2025 ஜூலை மாதத்தில் மராத்தியரின் படைத்தலங்கள் பன்னிரண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது செஞ்சிக் கோட்டை ஒன்றே. இதில் நம் அனைவர்க்கும் பெருமையுண்டு.

ஆயினும் எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியது மதில் மட்டுந்தானா என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் நெல்லும் குளத்தில் நீரும் இல்லாதிருந்தால், அம்மதில் எட்டு மாதங்கூட நின்றிராது என்பது நம் எண்ணம். கோட்டைக்குள் சென்றால் நெற்களஞ்சியத்தை இன்றும் காணலாம். ஆனைக்குளத்தைக் காணலாம். செட்டிக்குளம், சக்கரக்குளம் ஆகியவை மலையடிவாரத்தில் இருக்கின்றன. கலியாண மகாலுக்கு மண்குழாய் வழியாக நீர் கொண்டுவந்திருக்கிறார்கள். கோட்டையைக் கட்டியவர்கள் மதிலை எவ்வளவு கருத்தாகக் கட்டினார்களோ அவ்வளவு கருத்தாக நீரையும் கட்டினார்கள். நாமோ மதிலைப் பார்த்து வியக்கிறோம், நீரை மறந்துவிட்டோம். ஆகவே இன்று மலையைப் பற்றிப் பேசாமல் மலையடிவாரத்து நீரைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

நமது நிலத்தின் இயல்பை நீங்கள் நன்கு அறிவீர்கள். உருண்டைக் கற்களைக் கொட்டிக் குவித்தாற்போன்ற குன்றுகள். மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும் மண் அவற்றின்மேல் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது குறைந்த மழையன்று. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் சொல்லப்படும் சங்கராபரணி, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. வெள்ளம் வந்தால் இரண்டொரு நாளில் வீடூரைத் தாண்டிப் புதுச்சேரிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வீடூரில் 1959-ஆம் ஆண்டில் கட்டி முடித்த அணை, தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருமாக 3,200 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. அது அணைக்குக் கீழே உள்ளவர்களுக்கு உதவி. அணைக்கு மேலே இருக்கிற நமக்கு ஏரிகளே கதி.

இந்த ஏரிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பள்ளங்கள் என்று நினைப்பவர் உண்டு. நம் முன்னோர் அவ்வாறு நினைக்கவில்லை. மேலேரியின் கலங்கல் வழிந்தால் அந்த நீர் கீழேரிக்கு வரத்து ஆகும். கீழேரி நிரம்பினால் அதன் கலங்கல் அதற்கும் கீழுள்ள ஏரிக்கு. வரத்துக் கால்வாய் இல்லாத ஏரி வெறும் குட்டை. ஊரில் பல்லாயிரம் ரூபாய் செலவிட்டு ஏரியைத் தூர்வாரிவிட்டு, வரத்துக் கால்வாயைப் புதர்க்காடாக விட்டுவிடுகிறோம். பானையைத் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீர் நிரம்பவில்லையே என்று குறைப்படுவதைப்போல் இருக்கிறது இது.

வரத்துக் கால்வாயின் அருமையை உணர்த்துவதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. அது நந்தன் கால்வாய். நந்தன் என்னும் மன்னன் வெட்டியது என்று செவிவழிச் செய்தி. திருவண்ணாமலை மாவட்டம் கீரனூர் அருகே துரிஞ்சலாற்றின் அணைக்கட்டில் தொடங்கி, விழுப்புரம் மாவட்டத்திற்குள் நுழைந்து, பனமலை ஏரியில் போய் முடிகிறது. நீளம் 37.88 கிலோமீட்டர். வழியில் 36 ஏரிகள். அவற்றின் ஆயக்கட்டு 6,598 ஏக்கர். துரிஞ்சலாறு தென்பெண்ணையோடு சேர வேண்டிய ஆறு. அதன் வெள்ளத்தில் ஒரு பங்கை நம் பக்கத்து வறண்ட நிலத்துக்குத் திருப்பிவிட ஒருவர் எண்ணினாரே, அந்த எண்ணமே பெரிது. கடைசி ஏரியாகிய பனமலையின் கரையில் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அந்தக் குன்றின்மேல் ஏறி நின்று ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்துணைப் பெரிய ஏரி என்பதும், நிரம்பாத ஆண்டில் அது எத்துணைப் பெரிய மைதானம் என்பதும்.

இந்தக் கால்வாய் நெடுங்காலம் தூர்ந்து கிடந்தது. விவசாயிகள் மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். 2020-ஆம் ஆண்டையொட்டி 26 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் சீரமைப்பு வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது. நல்லதே. ஆனால் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கால்வாயில் வினாடிக்கு 100 கன அடி நீர் இரவும் பகலும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிறோம். ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் கன அடி ஆகிறது. 6,598 ஏக்கரிலும் ஓர் அடி உயரத்துக்கு நீர் நிறுத்த 28 கோடியே 74 லட்சம் கன அடி வேண்டும். அதாவது 33 நாள் ஓட்டம். நெல்லுக்கு ஓர் அடி எம்மட்டு? மூன்றடி, நான்கடி வேண்டும். துரிஞ்சலாறோ மழைக்காலத்தில் சில நாட்களே பெருகி ஓடும் ஆறு. அந்தச் சில நாட்களில் கால்வாய் தன் முழுக் கொள்ளளவுக்கு நீரை வாங்க வேண்டும். வண்டல் படிந்து பாதியாகக் குறுகிய கால்வாய், 33 நாள் வேலையை 66 நாளில் செய்யும். அதுவரை ஆறு காத்திருக்காது. ஆற்று வெள்ளத்தை எதிர்நோக்கும் கால்வாயில் ஒரு முழ வண்டலும் ஒரு போக நெல்லும் ஒன்றுதான்.

கால்வாய்கள் எப்படிக் கெடுகின்றன என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்று நாங்கள் சில நண்பர்கள் கடந்த கோடையில் இவ்வட்டாரத்து வரத்துக் கால்வாய்கள் சிலவற்றின் கரையோடு நடந்தோம். இரண்டு நாள் நடை. சீமைக் கருவேலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் நடுவாய்க்காலிலேயே வேரூன்றியிருந்தன. ஓரிடத்தில் கரையை வெட்டி டிராக்டர் இறங்க வழி செய்திருந்தார்கள். இன்னோரிடத்தில் பாலம் கட்டுவதற்குப் பதிலாக இரண்டு சிமென்டுக் குழாய்களைப் போட்டு மண்ணை மூடியிருந்தார்கள். பத்தடி அகலத்தில் வந்த நீர் இரண்டடி வாயில் நுழைய வேண்டும். இருபுறமும் கரை என்று இருந்தது வரப்பாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி அகலம் உழுதுகொண்டே வந்தவரை நாம் யாரென்று கேட்க முடியுமா? அவர் நம் உறவினராக இருப்பார். சில சமயம் நாமாகவே இருப்போம்.

மூன்றாவதாக ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே வரத்துக் கால்வாய்க்குச் சிமென்டுக் கரையும் தளமும் போட்டு அழகாகச் செய்து முடித்திருந்தார்கள். முதல் மழையில் நீர் வந்தது. ஏரிக்குள் போகாமல், கால்வாய் வாயிலேயே முட்டி நின்று, பக்கத்து நிலத்தை மூழ்கடித்தது. தளம் போட்டபோது அதன் மட்டம் ஏறக்குறைய ஒரு சாண் உயர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அவ்வூரில் எண்பது வயது கடந்த நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் அந்த ஏரியின் மடை திறந்தவர்கள். 'ஐயா, நீங்கள் வேலை நடக்கும்போது சொல்லியிருக்கலாகாதா?' என்று கேட்டோம். 'என்னை யாரும் கேக்கலீங்களே. நான் தினம் போய் உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்' என்றார். மறுபடியும் தளத்தை உடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஆண்டு ஏரிக்கு அந்த மழை இல்லை.

இனிக் கிணற்றுக்கு வருவோம். கால்வாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் கிணற்றுக்குப் போகிறாரே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே பேச்சுத்தான்.

ஒரு காலத்தில் நம் பக்கத்தில் கவலையும் ஏற்றமும்தான் கிணற்றுப் பாசனம். ஓரிணை மாடு பின்னுக்கும் முன்னுக்கும் நடந்து தோல்சாலில் இறைத்த நீர், மாட்டின் மூச்சுக்கும் மனிதனின் கைக்கும் அடங்கியது. கிணறு ஒரு நாளில் எவ்வளவு ஊறுமோ அவ்வளவே இறைக்க முடிந்தது. 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினைப் பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் சோதனைகளை நடத்தினார். 1937-இல் மேட்டூரில் மின்சாரம் பிறந்தது. அதன் பின்னர் மின்கம்பி வயலுக்குள் வந்தது. கவலை மாடு ஓய்வு பெற்றது; கமலைச் சாலின் கிறீச்சொலி நின்றது. இதை நாம் வருந்திச் சொல்லவில்லை. இரவெல்லாம் ஏற்றத்தின்மேல் நடந்த கால்களின் வலியை அறிந்தவர்கள் எவரும் அந்த நாள் மீண்டும் வர வேண்டும் என்று விரும்பமாட்டார்கள்.

1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மின்மோட்டார்கள் பாசனத்துக்கு ஓடுகின்றன. இதனால் எத்தனையோ குடும்பங்கள் தலை நிமிர்ந்தன. மானாவாரியாகக் கிடந்த காட்டில் மணிலாவும் கரும்பும் விளைந்தன. ஆனால் ஒன்று நேர்ந்துவிட்டது. கிணறு வெட்டி மோட்டார் வைத்தவருக்கு ஏரி தேவையில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. ஊரில் கிணறு வைத்திருப்பவர் யார்? பெரும்பாலும் வசதியுள்ளவர், நாலு பேர் கேட்கக்கூடிய சொல் உள்ளவர். ஏரி மராமத்துக்கு ஆள் கூப்பிட்டால் முன்பு முதலில் வந்தவர் அவரே. அவர் வருவது நின்றதும் மற்றவர்கள் வருவதும் நின்றது. ஏரி தூர்ந்ததற்கு வண்டல் காரணம் என்று சொல்கிறோம். வண்டலை எடுக்காமல் விட்டதற்குக் காரணம் இதுதான் என்பது நம் முடிவு.

அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் கிணறே சொல்லும். ஏரி நிரம்பிய ஆண்டில் ஆயக்கட்டுக்குள் இருக்கும் கிணறுகளில் நீர் மேலேறி நிற்பதையும், ஏரி வற்றிய பங்குனியில் அக்கிணறுகளில் படி தெரிவதையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஏரி நீர் மடை வழியாக மேலே ஓடுவது ஒரு பங்கு. தரைக்குள் இறங்கிக் கிணற்றுக்கு ஊற்றாக வருவது இன்னொரு பங்கு. ஆகவே ஏரியால் மிகுதியும் பயன் அடைபவர் மடைக்காரர் மட்டுமல்லர்; கிணற்றுக்காரரும்தான். தாம் பயன்படுத்துவது ஏரியின் நீரே என்பதை அவர் மோட்டார் கொட்டகைக்குள் நின்று பார்ப்பதால் காண்பதில்லை.

கிணறு வற்றினால் என்ன செய்கிறோம்? உள்ளே துளை போடுகிறோம். அதுவும் வற்றினால் 300 அடி, 500 அடி என்று ஆழ்துளைக் கிணறு. இங்கே இயந்திர சாஸ்திரத்தின் விதியொன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டாரின் குதிரைச் சக்தி மாறாமல் இருக்கும்போது, நீரைத் தூக்கும் ஆழம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, வந்து விழும் நீரும் அத்தனை மடங்கு குறையும். 30 அடியிலிருந்து தூக்கிய 5 குதிரைச் சக்தி, 180 அடியிலிருந்து தூக்கினால் ஆறில் ஒரு பங்கு நீரே தரும். மின்சாரத்துக்கு விலை இல்லாததால் இந்த இழப்பு நம் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஆனால் குழாய்க்கும் துளைக்கும் மோட்டாருக்கும் வாங்கிய கடன் ஏறுகிறது. நகை அடகுக் கடைக்குப் போவதும் ஏறுகிறது. பக்கத்து நிலத்துக்காரரின் ஆழமில்லாத கிணறு நம் துளையால் வற்றுவது மட்டும் யாருடைய புத்தகத்திலும் ஏறுவதில்லை.

மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். கால்வாயைப் போலவே இவையும் பழுது பார்க்காமல் விடப்பட்டவை. தரையில் நிற்கும் பம்பு நீரை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்கிறோம்; உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே நீரைக் குழாய்க்குள் ஏற்றித் தள்ளுகிறது. அதற்கு எல்லை உண்டு. ஏட்டுக் கணக்கில் 34 அடி. நடைமுறையில் 25 அடிக்கு மேல் நம்பலாகாது. இதனால்தான் நம் பெரியவர்கள் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள். உறிஞ்சு குழாயின் இணைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்றுப் புகுந்து நீர் பாதியாகும். புட்வால்வின் சல்லடையில் தழை அடைத்துக் கொண்டாலும் அப்படியே. இரண்டு மூன்று முறை காயில் கட்டிய மோட்டார் சூடேறுவதிலேயே மின்சாரத்தைச் செலவழிக்கிறது. விழும் நீர் அருவிபோல் தெரிய வேண்டும் என்று வெளிக்குழாயைத் தொட்டிக்கு மேலே நாலடி தூக்கி வைப்பது நம்மில் பலருக்கு வழக்கம். பார்க்க அழகுதான். அந்த நாலடியையும் மோட்டார்தான் தூக்குகிறது! ஆழ்துளையில் கம்ப்ரசரால் காற்றைச் செலுத்தி நீரைக் கொப்பளிக்கச் செய்வது எல்லாவற்றிலும் வீணானது. வேறு வழியில்லாத இடத்தில் மட்டுமே அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

மராமத்துக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழும். கேள்வி பழையது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபையில் ஏரி வாரியம் என்று தனியே ஒரு குழு இருந்ததைக் கூறுகின்றன. பின்னர்க் குடிமராமத்து என்ற வழக்கம் நின்றது. களத்து மேட்டில் நீர்க்கட்டிக்கு மேரை அளந்தார்கள். ஏரி மீனும் கரை மரமும் ஏலம் போன பணம் ஏரிக்கே செலவாயிற்று. வெள்ளையர் ஆட்சியில் வரி முழுவதும் கச்சேரிக்குப் போய்விட, மராமத்துக்கு மட்டும் குடிகளை அழைக்க 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வருமானம் ஒருவருக்கு, வேலை மற்றொருவருக்கு என்றால் எந்தச் சட்டமும் செல்லாது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, 1883-இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கினார்கள். விடுதலைக்குப் பின்னும் திட்டங்கள் வந்தன. 2007-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய பாசன நவீனமயத் திட்டத்தில் நம் வராக நதிப் படுகையும் இடம் பெற்றது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் நம் தாய்மார்கள் வாரிய வண்டலுக்கு அளவில்லை. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே புதிய திட்டம் வந்தது. விவசாயிகளின் பங்கு பத்தில் ஒன்று என்று வைத்தார்கள்.

இத்தனை திட்டங்களுக்குப் பிறகும் கால்வாய் ஏன் தூர்கிறது? வேலை முடிந்த மறுநாள் அந்தக் கால்வாய் யாருடையது என்பதை ஊர் முடிவு செய்யாததால்தான். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்பது விதி. விதி தாளில் இருக்கட்டும். ஐப்பசி இரவில் கரை கசியும்போது முதலில் கண்டுபிடிப்பவர் எந்தத் துறையினரும் அல்லர். அந்த வழியே மாடு ஓட்டிப் போகிறவர். அவர் யாரிடம் ஓடிச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் கால்வாய் பிழைக்கும்.

பங்கீட்டைப் பற்றி ஒரு சொல். கால்வாய்ச் சண்டை எல்லாம் தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையேதான். 36 ஏரிகள் கொண்ட கால்வாயில் மேலுள்ள 35 ஊராரும் மனம் வைத்தால்தான் கடைசி ஊருக்கு நீர். இலங்கையின் வறண்ட பகுதியிலும் நம்முடையவை போன்றே அடுக்கடுக்கான குளங்கள் உண்டு. அங்கே 'பெத்மா' என்றொரு பழைய வழக்கம் இருக்கிறது. குளம் அரைகுறையாக நிரம்பிய ஆண்டில், குளத்துக்கு அருகிலுள்ள நிலத்தை மட்டும் பயிரிடுவது என்று முடிவு செய்து, அந்த நிலத்தையே அந்த ஒரு போகத்துக்கு எல்லோருக்கும் அவரவர் உடைமைக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். கடைமடைக்காரரும் தலைமடையில் உழுவார். நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சொந்த நிலத்தில் ஒரு போகம் மற்றவரை உழவிடுவதா என்பீர்கள். நிலத்தைப் பங்கிட வேண்டாம். நீர் குறைந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் மணிலா, எத்தனை ஏக்கர் கேழ்வரகு என்பதையாவது மடை திறப்பதற்கு முன் ஒன்றாக உட்கார்ந்து பேசலாமே. கிணறு உள்ளவர் அந்த ஆண்டில் தம் மடைமுறையைக் கிணறில்லாதவருக்கு விட்டுக்கொடுக்கலாமே. அவர் கிணற்றில் ஊறும் நீர் ஏரிநீர்தான் என்று முன்பே கண்டோம். நிலமே இல்லாமல் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஏரி நிரம்பாத ஆண்டில் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்களே. பங்கீட்டுக் கூட்டத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

சாத்தனூர் அணையின் உபரி நீரை நந்தன் கால்வாயோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. அதை நாம் ஆதரிக்கிறோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. அதே புயலில் நம் அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டது. அத்தனையும் கடலுக்குப் போயிற்று. ஆகவே இணைப்பு வேண்டும். ஆனால் புது நீர் வந்தாலும் அது ஓட வேண்டிய வழி பழைய கால்வாய்தான். அன்று வினாடிக்கு 100 கன அடி கூட வாங்க முடியாத கால்வாயில், சாத்தனூரையே கொண்டுவந்து கவிழ்த்தாலும் பயனில்லை.

நம் ஏரிக்கு என்ன செய்யலாம் என்பதைச் சென்ற வாரம் சிலர் கூடிப் பேசியதை உங்கள் முன் வைக்கிறோம். வேலையைக் கடைமடையிலிருந்து மேல்நோக்கித் தொடங்க வேண்டும். தலைப்பில் தொடங்கினால் பாதியில் பணமோ ஊக்கமோ தீர்ந்துவிடும், எப்போதும் தீர்ந்திருக்கிறது. எடுக்கிற வண்டலை ஏலம் விட வேண்டாம். அனுமதி பெற்று, முதலில் சிறு நிலத்துக்காரர்களின் வயலுக்கு அடிக்க வேண்டும். அது எருவுக்குச் சமம். சிமென்டு எல்லா இடத்துக்கும் வேண்டாம். மதகு வாய், வளைவு, மணல் நிலத்தில் கசியும் இடம் ஆகியவற்றுக்குப் போதும். மண் கரையில் பனையும் வெட்டிவேரும் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். கிணறு வைத்திருப்பவர் ஒரு மோட்டாருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கால்வாய் நிதிக்குத் தர வேண்டும் என்பது கடினமான பேச்சு. அதைக் கிணற்றுக்காரர்களே கூடி முடிவு செய்து சொல்லட்டும். தொகையை நாம் சொல்லமாட்டோம். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் கிணற்றுக்காரர்களே என்பது நமக்குத் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடைமடையில் கூடுகிறோம். அன்று மண் வெட்டப் போவதில்லை. மட்டம் மட்டும் பார்க்கப் போகிறோம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயும் முளைக்குச்சிகளும் நூலும் கொண்டு வருகிறோம். வாயிலிருந்து மடை வரை நூறடிக்கு ஒரு முளை அடித்து, தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று எழுதிக்கொண்ட பிறகே மற்ற வேலை. ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நம் ஊர்ப் பழைய நீர்க்கட்டிக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அவரை வீட்டிலிருந்து வண்டியில் அழைத்து வருவதற்கு இரண்டு இளைஞர்கள் பெயர் கொடுக்க வேண்டும்.